சம்பளப் பாக்கியும் மாநிலக் கொடியும்

பிறையில் காற்பந்துப் பேச்சு எங்கே தொடங்கினாலும் பினாங்கு அணியில்தான் வந்து நிற்கும். 1953, 1954, 1958, 1974 என நான்கு முறை மலேசியக் கிண்ணம் வென்ற அணி. 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டமும் அதற்கே. ஈசா பக்கார், அலி பக்கார் சகோதரர்களின் பெயரை எடுத்தால் மூத்தவர்களின் குரலே மாறிவிடும். 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிக்காகப் பத்து காவானில் அரங்கம் எழும்பிய பிறகு, பெருநிலக்காரர்கள் தீவுக்குப் பாலம் ஏறாமலே மாநில அணியின் ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது.

மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. 2007லும் 2008லும் அடுத்தடுத்து உள்நாட்டின் மூன்று பெரிய கிண்ணங்களையும் அள்ளிய அணி அது. அதே அணி சம்பளப் பாக்கியில் சிக்கி, 2025-26 பருவத்துக்கான சூப்பர் லீக் உரிமம் கிடைக்காமல் கீழே இறங்கியது. அதே பருவத்தில் பேராக்கும் பகாங்கும் லீக்கிலிருந்து விலகின. இந்த நிலையில் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. கடனில் மூழ்கும் மாநில அணியை அரசுப் பணம் போட்டுத் தூக்கிவிடுவது சரியா, மூடட்டும் என்று விடுவது சரியா?

சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போவதைப் பலரும் வெறும் நிர்வாகக் கோளாறாகப் பேசுகிறார்கள். ஆட்டக்காரரின் வீட்டிலிருந்து பார்த்தால் அதன் முகம் வேறு. கார் தவணை ஒன்றாம் தேதி வருகிறது, வீட்டு வாடகையும் வருகிறது, பணம் வருவதில்லை. சேமநிதிச் சந்தா கட்டப்படாமல் கிடந்தது பல மாதம் கழித்துத்தான் தெரிகிறது. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்து மூலம் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி ஆட்டக்காரருக்கு இடம் தருகிறது. ஜெர்சி துவைப்பவருக்கும் திடலில் சுண்ணாம்புக் கோடு போடுபவருக்கும் அந்த விதி இல்லை. உழைத்தவரின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த வெளிநாட்டு ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்வது, கேட்காமலே அந்த உழைப்பாளியிடம் கடன் வாங்குவதுதான். கடன் கொடுத்தவருக்கே அது தெரியாது என்பதுதான் இதில் மிகப் பெரிய அநியாயம்.

வெளியிலிருந்து வரும் பணம் காப்பாற்றும் என்று நம்புவோர் சீனாவைப் பார்க்கலாம். நான்ஜிங் நகரின் ஜியாங்சு அணி 2020 நவம்பரில் சீன லீக்கை வென்றது. அதன் உரிமையாளரான சூனிங் நிறுவனம் நெருக்கடியில் சிக்கியதும், 2021 பிப்ரவரியில் அணி செயல்பாட்டை நிறுத்திவிட்டது. எட்டு முறை லீக்கையும் இரண்டு முறை ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்ற குவாங்சோ அணியும் கடனைத் தீர்க்க முடியாமல் 2025 ஜனவரியில் கலைந்தது. அதன் உரிமையாளரான எவர்கிராண்ட் நிறுவனத்தின் பணம் இருந்த வரைதான் அந்தப் பெருமை இருந்தது.

அணி என்பது ஒரு நகரத்தின் பல தலைமுறை ஞாபகம். அதை ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் விழுங்கிவிடக் கூடாது என்பது நியாயமான வாதம். ஆனால் அந்த ஞாபகத்தின் பெயரால் அரசு கொடுக்கும் பணம் முதலில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய பொதுப்பணம் அது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், குறைந்த சம்பளக்காரரின் பாக்கியிலிருந்து தொடங்கிக் கொடுக்கட்டும். பாக்கி தீரும் வரை புதிய ஒப்பந்தம் எதுவும் கூடாது என்று எழுதியும் வாங்கட்டும்.

அப்படிச் சிக்கனமாக நடத்தினால் அணி இரண்டாம் பிரிவுக்கு விழுந்துவிடும், இரசிகர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்கிறார்கள். பினாங்கே இதற்குப் பதில். 2017இல் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கிய அணி, 2020இல் இரண்டாம் பிரிவான பிரிமியர் லீக்கை வென்று மேலே ஏறியது. 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. கீழே இறங்கியதால் அணி செத்துவிடவில்லை. சக்திக்கு மீறிக் கையெழுத்துப் போட்ட அணிகள்தான் காணாமல் போகின்றன.

உரிமையாளர் பங்கை விற்கலாம், நட்டம் வந்தால் வெளியேறலாம். வெளியேறும் முன் பாக்கியைக் கட்டுவதும், பெயரையும் சின்னத்தையும் மாநிலத்திடமே விட்டுப்போவதும் உரிமம் கொடுக்கும்போதே நிபந்தனையாக வேண்டும். இரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பருவம் தொடங்கும்போது யாரை வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்கிறோம். போன பருவத்துச் சம்பளம் கட்டியாயிற்றா என்பதையும் அதே சத்தத்தில் கேட்டால், நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.