இசைவும் நீதியும்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை வாயிலில் வேலை கேட்டு நிற்பவரிடம், "விருப்பமிருந்தால் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கலாம்" என்றால், அவரால் மறுக்க இயலுமா? 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவுக்கு, அரசுத் தரப்பு இந்த 'விருப்பத்தையே' அரணாகக் காட்டியது. வாரத்திற்கு 48 மணி நேரம் என்பது மாறாது என்றும் கூறியது. எதிர்ப்பு வலுக்கவே, மே நாளன்று மசோதா திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் வினா எஞ்சுகிறது: பசித்தவரின் இசைவு இசைவாகுமா?

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், ஊதியத்தைக் குறித்து, இருவர் செய்துகொள்ளும் உடன்பாட்டினும் இயற்கை நீதி மேலானது என்றார். நேரத்திற்கும் அது பொருந்தும் என்பதே நம் துணிபு. முதலீடு பிற மாநிலங்களுக்குப் போய்விடுமோ என்னும் அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் வரம்பு சட்டத்தில் இருந்தால்தான், "மறுப்பது நானல்ல, சட்டம்" என்று அந்த எளியவர் மேலாளரிடம் சொல்லித் தப்ப முடியும்.