முதுகுப்புறம் போகும் படகு

துடுப்பு வலிக்கும் பிள்ளை, படகு போகும் திசையைப் பார்ப்பதில்லை. அவன் அமர்வதே முதுகைத் திருப்பித்தான். விலகிப் போகும் கரை தெரியும், வரப்போவது தெரியாது. தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் கடற்படைப் பிரிவு மாணவர்கள் பயிலும் ‘வேய்லர்’ படகின் நீளம் 27 அடி. ஐந்து பேர், ஆளுக்கொரு துடுப்பு. பின்முனையில் சுக்கான் பிடித்து அமர்ந்திருக்கும் காக்ஸ்வெய்ன் ஒருவருக்குத்தான் முன்னால் இருப்பது கண்ணில் படும். அவர் குரல் கொடுத்ததும் ஐந்து துடுப்பும் ஒன்றாக நீரில் இறங்கி ஒன்றாக எழ வேண்டும். ஒருவன் சற்றுப் பிந்தினாலும் துடுப்போடு துடுப்பு மோதும், படகு திசை மாறும், பந்தயம் கைவிட்டுப் போகும்.

ஐந்து பேர் தங்கள் பார்வையை ஆறாவது ஆளிடம் ஒப்படைத்துவிட்டு உழைக்கிறார்கள். இந்த ஒப்படைப்பை ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழக்குவது அறமா? கட்டளை காதில் விழுந்ததும் உடல் அசையப் பழகிவிட்ட பிள்ளையின் மனசாட்சி எங்கே நிற்கும்? படகில் கீழ்ப்படிந்தவன் படகுக்கு வெளியேயும் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவானா?

இது கடலோர ஊர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. திருவள்ளூர் மாவட்டத்துச் செவ்வாப்பேட்டையில் கடல் இல்லை. ஆனால் அந்த ஊர் வழியாகப் போகும் அதே ரயில் பாதையில்தான் ஆவடி இருக்கிறது. அங்கே டாங்கித் தொழிற்சாலையும் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் 1960களிலிருந்து இயங்குகின்றன. மாவட்டத்தின் கிழக்கிலோ கடல்: பழவேற்காடு, காட்டுப்பள்ளி. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ என்ற கப்பல் பழுதுபார்ப்புக்காகக் காட்டுப்பள்ளித் தளத்துக்கு வந்தது. ஆவடித் தொழிற்சாலைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குச் சீருடையும் கப்பலும் தூரத்துக் கனவுகள் அல்ல. பிழைப்புக்கு வழியாகவே தெரிகின்றன. அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

1946இல் அமைந்த குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்தது என்.சி.சி. 1948இல் அதற்கான சட்டம் வந்தது, 1949இல் மாணவியர் பிரிவு, 1952இல் கடற்படைப் பிரிவு. பள்ளியில் ஜூனியர் கேடட்டாகச் சேரும் பிள்ளை இரண்டு ஆண்டு பரேட், முகாம் எல்லாம் முடித்து ‘ஏ’ சான்றிதழ் தேர்வு எழுதுகிறது. கடற்படைப் பிரிவின் பெரிய போட்டி, அகில இந்திய அளவில் நடக்கும் நௌ சைனிக் முகாம். படகு வலித்தல், பாய்மரம், துப்பாக்கி சுடுதல், அணிவகுப்பு, கொடிச் சைகையான செமஃபோர், கப்பல் மாதிரி செய்தல் என்று அங்கே மாநில அணிகள் மோதுகின்றன.

இந்தப் பயிற்சி தரும் நன்மை உண்மையானது. கூச்சப்பட்டு வகுப்பில் வாய் திறக்காத பெண் பரேட் மைதானத்தில் நாற்பது பேருக்குக் கட்டளை கொடுக்கிறாள். கப்பல் மாதிரி செய்கிறவன் வரைபடத்தைப் பார்த்து மரத்தை மில்லிமீட்டர் கணக்கில் இழைக்கக் கற்கிறான். அங்கே எந்தக் கட்டளையும் உதவாது, பொறுமைதான் உதவும். சாதி பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரே படகில் மூச்சு வாங்க உழைப்பது எந்தப் பாடப்புத்தகமும் தராத அனுபவம். இவற்றைக் குறைத்துப் பேசுவது அநியாயம். கேள்வி, நன்மைக்குக் கொடுக்கும் விலை பற்றியது.

தன்னை ஒப்படைப்பது பற்றித் தமிழ் மண் நெடுங்காலம் யோசித்திருக்கிறது. சரணாகதி என்றால் என்ன என்பதில் வைணவம் இரண்டு கிளையாகப் பிரிந்தே போனது. தாய்ப்பூனை கவ்விப் போகும் குட்டிக்குத் தன் முயற்சி ஒன்றும் இல்லை. பக்தனும் அப்படியே கிடந்தால் போதும் என்பது பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலை மரபு. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும்; தாய் தாவினாலும் பிடி குட்டியினுடையது என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலை மரபு. செவ்வாப்பேட்டைக்கு அருகே திருவள்ளூரில் இருக்கும் வீரராகவப் பெருமாள் கோயில், வடகலை மரபைச் சேர்ந்த அகோபில மடத்தின் பொறுப்பில் இருப்பது.

கடவுளிடம் எந்த வகையில் சரணடைவது என்பது பக்தர்கள் பாடு. மனிதரிடம் ஒப்படைப்பதாக இருந்தால் பூனைக்குட்டியாக இருக்கக் கூடாது. துடுப்பு வலிக்கும் பிள்ளை தன் பிடியைத் தானே வைத்திருக்கிறான். காக்ஸ்வெய்ன் சொல்வதைக் கேட்பது, அவரும் அதே படகில் இருப்பதால்; படகு மூழ்கினால் அவரும் மூழ்குவார் என்பதால். கட்டளை கொடுப்பவர் கரையில் நின்றுகொண்டு படகைப் பாறைமேல் செலுத்தச் சொன்னால் அந்த ஒப்பந்தம் அங்கேயே முறிந்துவிடுகிறது.

அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்பதற்கு இன்னொரு சான்றும் அருகிலேயே உண்டு. செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்திலிருந்து சென்னைப் பக்கம் இரண்டாவது நிறுத்தம் திருநின்றவூர். பெரியபுராணம் சொல்லும் பூசலார் நாயனாரின் ஊர் அது. கையில் பொருள் இல்லாத அவர் சிவனுக்கு மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளைத்தான் பல்லவ மன்னனும் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அன்று பூசலார் கோயிலுக்குப் போகவிருப்பதால் வேறு நாள் பார்க்கச் சொன்னார். அரசாணையால் எழுந்த கல்லைவிட ஓர் ஏழையின் உள்ளத்தில் எழுந்தது முந்திக்கொண்டது. மன்னனும் அதை ஏற்று, அந்த ஏழையைத் தேடி வந்து வணங்கினான். அதிகாரம் மனசாட்சிக்கு வழிவிட்டதால் அரசன் சிறுமைப்பட்டான் என்று சேக்கிழார் கருதவில்லை.

கட்டளைக்கும் மனசாட்சிக்கும் இடையிலான முரண் கடற்படையின் சொந்த வரலாற்றிலும் இருக்கிறது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ என்ற தளத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மட்டமான உணவு, இனவெறிப் பேச்சு, அடிமை நாட்டின் அவமானம் எல்லாம் சேர்ந்து வெடித்தது. தல்வார், சைகையும் தகவல் தொடர்பும் கற்றுத்தரும் பயிற்சித் தளம். செய்தி அனுப்பப் பழக்கப்பட்ட கைகளே கிளர்ச்சியைக் கப்பலுக்குக் கப்பல் கொண்டுபோயின. கராச்சி, சென்னை வரை அது பரவியது. பட்டேல் சரணடையச் சொன்னார். சத்தியாக்கிரகத்தைக் கற்பித்த காந்தியே அதை ஏற்கவில்லை: வன்முறை கலந்த கிளர்ச்சி தவறான முன்மாதிரி, பணி அவமானமாக இருந்தால் அதை விட்டு விலகியிருக்கலாமே என்பது அவர் நிலை. விடுதலைப் போராட்டத் தலைவர் அருணா ஆசஃப் அலி காந்தியோடு உடன்படவில்லை. இன்று அந்த மாலுமிகளை நாடு விடுதலைப் போராட்ட வீரர்களாகக் கொண்டாடுகிறது. கீழ்ப்படியாதவர்களைக் கொண்டாடும் ஒரு கடற்படையின் பெயரால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதல் கற்றுத்தரப்படுகிறது. அந்தப் பிள்ளைகளிடம் இந்தக் கதையை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

தமிழ்நாடே ஒருமுறை கட்டளையை மறுத்திருக்கிறது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமானது. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தில், என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களை நீக்க வேண்டும் என்ற பகுதியும் இருந்தது. அதே ஆண்டில் கட்டாயமும் விலகியது. ஆனால் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற இந்திக் கட்டளைகள் இன்றும் மைதானங்களில் ஒலிக்கின்றன.

கட்டளையா மனசாட்சியா என்ற கேள்விக்குச் சட்டம் இரண்டு விடைகள் தந்திருக்கிறது. 1985இல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் தேசிய கீதம் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கீதம் ஒலித்தபோது அவர்கள் மரியாதையோடு எழுந்து நின்றார்கள்; பாடுவதை மட்டும் அவர்கள் நம்பிக்கை தடுத்தது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு அந்தக் குழந்தைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பேச்சுரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும், குழந்தைகளை நீக்கியது அவர்களின் மனசாட்சி உரிமையையும் மீறியது என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

இரண்டாவது விடை 2025இல் வந்தது. ராணுவத்தில் ஒரு கிறிஸ்தவ அதிகாரி தன் படைப்பிரிவின் வழிபாட்டு அணிவகுப்பில் வீரர்களோடு கலந்துகொண்டார். கருவறைக்குள் நுழைந்து சடங்கில் பங்கேற்க மட்டும் மறுத்தார். 2021இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் மே மாதத்தில் அதை உறுதி செய்தது; நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்கு மேலே சொந்த மத விளக்கத்தை வைத்தது ஒழுங்கீனம் என்பதே காரணம். உயிரைப் பணயம் வைக்கும் வீரர்களுக்கும் அவர்கள் தலைவருக்கும் இடையே விரிசல் கூடாது என்ற ராணுவத்தின் கவலை வெறும் சாக்கு அல்ல. வாசலில் மரியாதையோடு நின்றவரின் வலியும் பொய் அல்ல.

கேடட், இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை. உடம்பில் சீருடை, தோளில் பள்ளிப்பை. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவன் எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் இல்லை: என்.சி.சி.யில் சேர்வது தன் விருப்பம், சேர்ந்ததால் படைப்பணி செய்யும் கடமை எதுவும் வருவதில்லை. ஆகவே அவன் மாணவன். 1986 தீர்ப்பு காப்பாற்றியது அவனைப் போன்ற பிள்ளைகளைத்தான். ஒரு முகாமில் பிரார்த்தனையோ பூஜையோ சடங்கோ நடக்கும்போது ஒரு முஸ்லிம் மாணவியோ கிறிஸ்தவ மாணவனோ நாத்திகக் குடும்பத்துப் பிள்ளையோ அமைதியாக ஒதுங்கி நின்றால், அதை ஒழுங்கீனமாகக் குறித்துக்கொள்ள எந்த ஆசிரியருக்கும் உரிமை கிடையாது.

அப்படி மனசாட்சியோடு நிற்பதற்கான மனப்பழக்கம் இந்தப் பயிற்சிக்குள்ளேயே இருக்கிறது. செமஃபோர் போட்டியில் இரு கையிலும் கொடி ஏந்தி எழுத்து எழுத்தாகச் செய்தி அனுப்புகிறவன் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. வாங்குகிறவனுக்குப் புரியாவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது. திரும்பக் கேட்க வேண்டும். கண்ணால் கண்டதை, மேலே இருப்பவருக்குப் பிடிக்குமா என்று பார்க்காமல் அப்படியே சொல்வது கப்பலில் உயிர் காக்கும் கடமை. கட்டளைக்குத் துடுப்பு வலிப்பதையும் கண்டதை அப்படியே சொல்வதையும் சேர்த்துக் கற்ற பிள்ளை வெறும் பொம்மையாகிவிடாது.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் அம்மாவோ அப்பாவோ பள்ளியில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆண்டு முகாம் பத்து நாள் நடக்கிறது, காலை பி.டி.யிலிருந்து இரவு ரோல் கால் வரை நேரம் நிறையவே இருக்கிறது. அதில் ஒரு மாலையை ஒதுக்கி, தல்வார் மாலுமிகள் செய்தது சரியா, காந்தி சொன்னது சரியா என்று பிள்ளைகளையே வாதிட வைக்கலாம். மறுநாள் கேரளக் குழந்தைகளின் வழக்கு. அதற்கு மறுநாள் அந்த அதிகாரியின் வழக்கு. தீர்ப்பை ஆசிரியர் சொல்ல வேண்டாம். இரண்டு அணியாகப் பிரித்து, இடைவேளைக்குப் பிறகு அணிகளை மாற்றிப் பேசவிட்டால் போதும்.