லூப் லைன்

கூட்ஸ் வண்டிக்குக் கால அட்டவணை கிடையாது. எக்ஸ்பிரஸுக்கு உண்டு, பாசஞ்சருக்கு உண்டு, லோக்கலுக்கு நிமிஷக் கணக்கில் உண்டு. இவர்களெல்லாம் போனபின் மிச்சமிருக்கும் இடைவெளியில் கூட்ஸ் புகுந்து போய்க்கொள்ள வேண்டும். இந்தியாவில் சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டித்தான் பல வருஷங்களாக இருக்கிறது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். இஞ்சினுக்குச் சக்தி இல்லாமல் இல்லை. ஓடும்போது நன்றாகவே ஓடும். நிற்கிற நேரத்தையும் சேர்த்து வகுத்தால் அந்தக் கணக்குதான் வரும்.

என் வாலிபத்தில் பெரும்பகுதி அந்த நிற்கிற நேரத்தில்தான் போயிற்று. விழுப்புரத்தில் கூட்ஸ் கார்டாக இருந்தேன். 2022 ஜனவரியில் கார்டு என்ற பெயரை எடுத்துவிட்டு 'டிரெயின் மேனேஜர்' என்று வைத்தார்கள். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மேனேஜர் ஆகும் யோகம் எனக்கு இல்லை.

எக்ஸ்பிரஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, பக்கத்து லைனில் நிற்கும் கூட்ஸ் என்பது காட்சியை மறைக்கிற ஒரு நீளமான சுவர். அதன் கடைசியில் ஒட்டியிருக்கும் பிரேக் வேனைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பக்கமும் சின்ன வராந்தா, நடுவே இரும்பு அறை, ஒரு கைப்பிரேக் சக்கரம், உட்கார ஒரு பலகை. நான் வேலை பார்த்த வேன்களில் விளக்கில்லை, மின்விசிறி இல்லை, கழிப்பறை இல்லை. கூடவே என் பெட்டி: சிவப்பு, பச்சைக் கொடிகள், மூன்று நிறம் காட்டும் கைவிளக்கு, டெயில் லாம்ப், முதலுதவிச் சாமான், தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டர்கள், விதிப்புத்தகம், ஜர்னல். இஞ்சினில் இருப்பவர்கள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் பேச்சுத்துணை. எனக்கும் அவர்களுக்கும் நடுவே அரை கிலோமீட்டருக்கு மேல் சிமென்ட்டோ நெல்லோ இருக்கும்.

விழுப்புரம்-திருச்சி கார்டு (chord) லைன் அப்போது ஒற்றைப் பாதை. அதில் ஒரு கூட்ஸ், ஸ்டேஷனில் மெயின் லைனை விட்டுப் பிரிந்து மறுபடி சேரும் லூப் லைனில் ஒதுங்க முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. எதிரே வண்டி வந்தால் கிராஸிங். பின்னால் வருகிற வண்டியை முந்தவிட வேண்டியிருந்தால் பிரசிடென்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், ஒரு வண்டி சும்மா நிற்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டும் வேறு வேறு.

கிராஸிங்கில் ஒரு நியாயம் இருந்தது. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சி, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகப் பந்து. டோக்கன் என்போம். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் உள்ள கருவியில் மணியடித்து அடுத்த ஸ்டேஷனைக் கேட்பார். அங்கே இருப்பவர் ஒப்புக்கொண்டு தன் கருவியைத் திருப்பினால்தான் இங்கே பந்து கழன்று விழும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை, இரண்டு கருவியில் எதிலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். நிற்காமல் போகிற வண்டி என்றால் பாயின்ட்ஸ்மேன் பிளாட்பாரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். ராத்திரியானால் பக்கத்தில் தீவட்டி எரியும். இஞ்சினிலிருந்து நீளும் கை வளையத்துக்குள் புகுந்து அதைத் தோளோடு வாரிக்கொண்டு போகும். பழைய டிரைவர்களின் முழங்கைப் பக்கம் பார்த்தால் கன்றிப்போன தடம் இருக்கும்.

எதிரே வருகிறவர் கொண்டுவந்த பந்து கருவிக்குள் போனபிறகுதான் எனக்கு ஒன்று வெளியே வரும். நான் ஒதுங்காமல் அவர் வர முடியாது. அவர் வராமல் நான் போக முடியாது. வண்டி கடக்கும்போது அந்த கார்டு பச்சை காட்டுவார், நானும் காட்டுவேன். என் வண்டியில் அச்சு சூடேறிப் புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று அவர் பார்ப்பார். அவர் வண்டியை நான் பார்ப்பேன். 'ஆல் ரைட்' மாற்றிக்கொள்வது என்று அதற்குப் பெயர். அப்படிக் கொடியசைத்த எத்தனையோ பேரின் முகத்தை நான் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை.

பிரசிடென்ஸ் அப்படியல்ல. நமக்குப் பின்னால் புறப்பட்டவர் நம்மைத் தாண்டிப் போவார். நமக்கு அவரால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. 1977-ல் வைகை எக்ஸ்பிரஸ் வந்தபின், மீட்டர் கேஜ் பாதையில் அதற்காக ஒதுங்காத கூட்ஸ் கிடையாது. ராத்திரியில் பாண்டியன் எக்ஸ்பிரஸ். நான் அரியலூரிலோ பெண்ணாடத்திலோ லூப்பில் கிடப்பேன். தூரத்தில் வெளிச்சம், பிறகு சத்தம், பிறகு தூங்குகிறவர்களின் கால்கள் வரிசையாக ஜன்னலில் ஓடும், பிறகு கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு. ஜர்னலில் வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதக் காரணம் என்று எழுத வேண்டும். 'பிரசிடென்ஸ்' என்று போட்டு எந்த வண்டிக்காக என்று நம்பரை எழுதுவேன்.

வாழ்க்கையிலும் இந்த இரண்டும் தனித்தனி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் படிப்புக்காக நானே எழுதிக் கொடுத்து சென்னைக் கோட்டத்துக்கு மாற்றல் வாங்கினேன். விருப்ப மாற்றலில் போனால் சீனியாரிட்டி போய்விடும்; புதிய இடத்தில் பட்டியலின் கடைசியில் சேர்ப்பார்கள். எனக்குப் பல வருஷம் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் எனக்கு முன்னால் மெயில் கார்டு ஆனார்கள். பிள்ளைகளுக்காக நின்றது கிராஸிங், அவர்கள் வந்துசேர்ந்தால்தான் எனக்கும் போக வழி. அதில் வருத்தமே இருந்ததில்லை. பட்டியலைப் பார்க்கிற அன்றைக்கு மட்டும் அது பிரசிடென்ஸாகத் தெரியும்.

காசுக் கணக்கில் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணத்தில் கிடைக்கிறது என்று 2016 முதல் டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். மீதியைப் போட்டு நிரப்புவதில் பெரும்பங்கு நிலக்கரியும் சிமென்ட்டும் இரும்புத்தாதும்தான். அதாவது லூப்பில் நிற்கிறவன், தன்னை முந்திப் போகிறவனின் டிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். குடும்பங்களில் மூத்தவனாகப் பிறந்தவர்களிடம் இதைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

ஆனாலும் அந்த முறை தப்பு என்று நான் நினைக்கவில்லை. சிமென்ட் மூட்டைக்கு அவசரம் இல்லை. பாண்டியனில் படுத்திருப்பவரில் ஒருவருக்கு விடிந்தால் அப்பாவின் காரியம் இருக்கலாம். தவிர, அந்த வரிசை கல்வெட்டும் இல்லை. 2022 ஏப்ரலில் அனல்மின் நிலையங்களில் நிலக்கரி தட்டுப்பாடு வந்தபோது, வடக்கே பயணிகள் வண்டிகளை ரத்து செய்துவிட்டு நிலக்கரி ரேக்குகளை ஓட்டினார்கள். யார் பெரியவர் என்பதை வைத்து வரிசை போடவில்லை, யாருக்கு அவசரம் என்பதை வைத்துப் போட்டார்கள். மனிதர்கள்தான் சீக்கிரமே அதை மரியாதைக் கணக்காக மாற்றிக்கொள்கிறோம்.

நிற்பதைவிட, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பதுதான் என்னைத் தின்றது. எந்த வண்டி முதலில் என்று முடிவு செய்யும் கன்ட்ரோலரைப் போனில் கேட்டால் சிலர், "இருங்க சார், சொல்றேன்" என்று வைத்துவிடுவார்கள். ஒரே ஒருவர் இருந்தார். "பின்னாடி ரெண்டு வண்டி இருக்கு, எதிர்ல ஒண்ணு. ஒன்றரை மணி நேரம் ஆகும். சாப்பிட்டுட்டுத் தூங்காம இருங்க" என்பார். அவர் ஷிப்டில் எங்களுக்குக் கூடுதலாக ஒரு வண்டிகூட வழிவிட்டதில்லை. ஆனாலும் அவர் ஷிப்ட் என்றால் டிரைவர்கள் முகம் தெளிந்திருக்கும். அவர் சொன்ன ஒன்றரை மணி நேரம் எங்களுக்குச் சொந்தமானது. அதில் சோறு ஆக்கலாம், கேட் கீப்பர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குளிக்கலாம். நான் வாசகனானதே அப்படித்தான். அந்தக் காலத்து வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளெல்லாம் பகல் வெளிச்சத்தில் பிரேக் வேனில் படித்து முடித்தவை.

சென்னையில் எனக்குக் கிடைத்தது கும்மிடிப்பூண்டி லோக்கல். இங்கே ஒரே பாதையில் லோக்கலும், விஜயவாடா பக்கம் போகும் எக்ஸ்பிரஸும், எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரி வண்டியும் நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போது நான் முந்துகிற வண்டியில் இருந்தேன். மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ லூப்பில் நிற்கும் பிரேக் வேனைத் தாண்டும்போது ஒரு தலை எட்டிப் பார்க்கும். நான் பச்சை காட்டுவேன்.

லோக்கலில் கார்டுக்குக் கையில் ஒரு பொத்தான், இரண்டு தடவை அழுத்தினால் மோட்டார்மேன் வண்டியை எடுப்பார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அரை நிமிஷம்கூட நிற்காத வண்டி அது. கத்திவாக்கத்தில் காலையில் மீன்கூடையோடு ஓர் அம்மா வருவார். கூடையைத் தூக்கிவிட ஒருவர் வேண்டும், ஏறியபின் அதைக் கீழே இறக்க ஒருவர் வேண்டும். என் விரல் பொத்தானில் இருக்கும், கண் கூடையில் இருக்கும். கூடையின் அடி கதவைத் தாண்டுகிறவரை இரண்டாவது மணியை நான் அடித்ததில்லை. "யோவ் கார்டு, ஆபீஸ் போக வேணாமா?" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். அதே ஆள் மழைநாளில் படியேறி ஓடிவரும்போது மணி அடிக்காமல் இருந்தால் கும்பிடு போடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். லோக்கலில் சிக்னலுக்காக ஐந்து நிமிஷம் நிற்பவர்களின் கோபம், லூப்பில் ஐந்து மணி நேரம் நின்ற எங்கள் கோபத்தைவிடப் பெரிதாக இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஒதுங்கி நிற்கிறவன் பத்திரமாக இருப்பான் என்றும் சொல்ல முடியாது. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பாஹாநாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப்புக்குள் திரும்பி, இரும்புத்தாதோடு நின்றிருந்த கூட்ஸின் மேல் ஏறியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 அக்டோபர் 11 இரவு நான் கொடி காட்டிய அதே பாதையில், கவரப்பேட்டையில், பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப்பில் நின்ற கூட்ஸின் பின்பக்கம் மோதியது. அங்கே உயிர்ச்சேதம் இல்லை. டி.வி.யில் அந்தப் படம் ஓடியபோது எல்லோரும் எக்ஸ்பிரஸ் பெட்டிகளைப் பார்த்தார்கள். நான் பிரேக் வேன் எங்கே என்று தேடினேன்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் பயணிகள் வண்டிகள் எல்லாம் நின்று, கூட்ஸ் மட்டும் ஓடின. அப்போதும் வேலையிலிருந்த ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, விழுப்புரத்துல எடுத்தேன், திருச்சி வரைக்கும் ஒரு லூப் கிடையாது. ராஜபாட்டைண்ணே." இரண்டு வாரம் கழித்துப் பேசியபோது குரலில் அந்த உற்சாகம் இல்லை. லெவல் கிராஸிங்கில் கையாட்டப் பையன்கள் இல்லையாம், டீ விற்பவர் இல்லையாம். "வழிவிடவும் ஆள் இல்ல, வழி கேட்கவும் ஆள் இல்லண்ணே" என்றான்.

ஓய்வுக்குப் பிறகு இதையெல்லாம் அசைபோட்டுக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. நான் நின்ற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஜர்னலில் காரணம் எழுதியிருக்கிறது. வீட்டில் எனக்காக நின்றவளுக்கு அப்படி ஒரு பத்தியே கிடையாது. நள்ளிரவில் டியூட்டிக்குக் கூப்பிட வரும் கால் பாய் கதவைத் தட்டினால் முதலில் எழுந்து விளக்கைப் போடுகிறவள் அவள்தான்; கால் புக்கில் நான் கையெழுத்துப் போடுவதற்குள் டிபன் கேரியர் தயாராகிவிடும். எந்தத் தீபாவளிக்கு நான் இருப்பேன் என்று கடைசி வரை தெரியாது. பையனுக்கு மஞ்சள் காமாலை வந்து இறங்கியபிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். உன்னை லூப்பிலேயே வைத்துவிட்டேனே என்று ஒருநாள் அவளிடம் நீளமாகப் பேசினேன். கொஞ்சம் உருக்கமாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"யாரு நின்னா? நீங்க வர்றப்ப வந்தீங்க, போறப்ப போனீங்க. அதுக்காக இங்க எது நின்னுது? வீடு கட்டினப்ப செங்கல் எண்ணினது யாரு, ரெண்டு பேரையும் காலேஜ்ல சேர்த்தது யாரு, எங்கம்மா ஒரு வருஷம் படுக்கையில கெடந்தாங்களே, அப்ப? நீங்கதான் நின்னுக்கிட்டிருந்தீங்க. நாங்க பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தோம்."

இத்தனை வருஷம் அந்த வீட்டுக்கு நான்தான் இஞ்சின் என்று நினைத்திருந்தேன். அவள் கணக்கில், என் வண்டி எங்கேயோ ஓரமாக நின்றிருக்கிறது, வீடு மெயின் லைனில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதற்கு எந்த நம்பரைப் போட்டு என்ன காரணம் எழுதுவது?

போன மாதம் அவள் அக்காவோடு ராமேஸ்வரம் போனாள். பரமக்குடியிலிருந்து போன் வந்தது.

"என்னங்க, அரை மணி நேரமா வண்டி அசையவே மாட்டேங்குது. கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மானாமதுரைக்கு அந்தப் பக்கம் ஒற்றைப் பாதை. எதிர்ல வண்டி இருக்கும். கிராஸிங். அது ஸ்டேஷனுக்குள்ள வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"சரி சரி, எவ்ளோ நேரம்னு மட்டும் சொல்லுங்க."

"இருபது நிமிஷம்."

"அப்ப அக்காவுக்கு இட்லி எடுத்துக் குடுத்துடறேன். பால்காரர் வந்தாரா? காசு டப்பால இருக்கு, மறக்காம குடுத்துடுங்க" என்று போனை வைத்துவிட்டாள்.