அழைத்தும் வராத பூனை

நமது வீட்டுப் பூனைக்கு வயது 14. சென்ற ஆடி மாதத்தில், டயகம மலைகளின்மேல் மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், அது நாம் கூப்பிட்டால் வருவதை நிறுத்திக்கொண்டது. ‘நிறுத்திக்கொண்டது’ என்னும் சொல்லை வேண்டுமென்றே எழுதுகின்றோம். அன்று நாம் அவ்வாறுதான் எண்ணினோம். தட்டில் கருவாடு விழும் ஓசைக்கே அடுத்த காம்பராவிலிருந்து ஓடிவரும் பிராணி, மூன்று முறை அழைத்தும் அடுப்பங்கரையில் முதுகைக் காட்டியபடி படுத்திருந்தது. வயதாக ஆகத் திமிரும் ஏறுகின்றது என்றோம். குரலை உயர்த்தினோம். கையைத் தட்டினோம். ஒரு தடவை, வெட்கத்தோடு சொல்கின்றோம், செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வீசினோம். தரையில் எழுந்த அதிர்வில் அது துள்ளியெழுந்து, நம்மை இதற்குமுன் கண்டறியாதது போலப் பார்த்தது.

நான்காம் நாள் அந்தியில் அடுத்த லயத்துப் பெரியவர் வந்தார். ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், முப்பது வருடங்களுக்கு மேல் ரோலர்களின் அருகே நின்று உழைத்து ஓய்ந்தவர். “கத்தாதீங்க மாஸ்டர், அதுக்குக் காது போயிருச்சு” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். “காதைத் திருப்பவே இல்லியே” என்றார்.

பூனை உறங்கும்போதும் அதன் செவிமடல் உறங்குவதில்லை. கதவு கிறீச்சிட்டால் ஒரு மடல் அப்பக்கம் திரும்பும். கூரையில் எலி ஓடினால் மற்றது மேல்நோக்கும். அந்த அசைவு நின்றுபோயிருந்ததை அவர் கண்டார். நாம் காணவில்லை. அவருக்கே காது மந்தம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வயோதிகப் பூனையொன்று செவிடாயிற்று என்பது உலகத்திற்கு ஒரு செய்தியன்று. ஆயினும் அந்த நான்கு நாட்களில் நாம் நடந்துகொண்ட விதம் நம்மை விட்டு அகலவில்லை. கேட்க இயலாமையைக் கேட்க விரும்பாமையாக நாம் எடுத்துக்கொண்டது ஏன்? இயலாமை இருக்குமிடத்தில் குற்றத்தைக் காணும் இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

முதலில் பூனையின் செவியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. மனிதச் செவி வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையில் உள்ள ஒலியையே கேட்கும். பூனையின் செவி 85,000 வரை எட்டும் என்று 1985இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சுண்டெலிகள் தமக்குள் பேசிக்கொள்ளும், நமக்குச் சற்றும் கேளாத கீச்சொலிகள் அந்த எல்லைக்குள் அடங்கும். நீலக் கண்களையுடைய வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை டார்வின் தமது ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் குறித்திருக்கின்றார். அது பிறவியோடு வருவது. நமது பூனையோ சாம்பல் வரிப்பூனை; அதற்கு நேர்ந்தது முதுமையில் நேர்வது.

உட்செவியில், ஒலியை நரம்புக்கு உணர்த்தும் நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. பறவைகளுக்கு அவை அழிந்தால் மறுபடியும் முளைக்கும். பூனைக்கும் மனிதனுக்கும் முளைப்பதில்லை. முதுமை அவற்றை ஒவ்வொன்றாகத் தின்கின்றது. ஆகவே, ‘திடீரென்று’ காது போயிற்று என்று நாம் சொல்வது பெரும்பாலும் நமது கவனக் குறைவுக்கு நாம் இடும் பெயர். பிராணி பல மாதங்களாகக் கேள்வியை இழந்துவந்திருக்கும். ஒரு செவி தளர்ந்தால் மற்றதைக் கொண்டு சமாளித்திருக்கும். இரண்டும் தளர்ந்தால் கண்ணாலும் மீசையாலும் பாதத்தில் உணரும் அதிர்வாலும் ஈடுசெய்திருக்கும். கடைசி இழை அறுந்த அன்றுதான் வீட்டாருக்குத் தெரிகின்றது.

உண்மையாகவே திடீரென்று கேள்வி போவதும் உண்டு. செவிச் சிற்றுண்ணிகளும் அழுக்கும் குழாயை அடைத்துவிடலாம், நடுச்செவியில் புண் வரலாம், சதை வளரலாம், ஜென்டமைசின், நியோமைசின் போன்ற மருந்துகள் உட்செவியைக் கெடுக்கலாம். இவற்றுள் சில குணமாகக்கூடியவை. ஆதலால் முதுமைதானே என்று இருந்துவிடாமல் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும்படி நமது வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் எதை ஊற்றினாலும் அது உள்ளே போய்க் கேடு செய்யும். நல்ல வேளையாக நாம் ஊற்றவில்லை.

வைத்தியரிடம் காட்டுவது என்று எழுதுவது எளிது. மலைநாட்டில் மிருக வைத்தியம் பெரும்பாலும் பால் மாட்டுக்கானது. மாடு வருவாய் தரும், பூனை என்ன தரும்? பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை உண்டு. டயகமவிலிருந்து அக்கரபத்தனை, தலவாக்கலை, ஹட்டன் என்று பஸ் மாறி மாறிப் போய் வர ஒரு நாள் முழுவதும் கழியும். பூனையைப் பழக்கூடையில் வைத்து, மேலே சாக்கைக் கட்டி, நாம் போனோம். செவியில் புண்ணில்லை, அழுக்கில்லை. முதுமைதான் என்றார் வைத்தியர். சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும், முதிய பூனைகளுக்கு அழுத்தம் மிகுந்தால் கண்ணும் திடீரென்று போய்விடும் என்றார். அவையும் பார்க்கப்பட்டன. திரும்பும் வழியில், பஸ்ஸில் அருகிலிருந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், கூடைக்குள் இருப்பதைக் கேட்டறிந்தபின், “பூனைக்கா?” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒற்றைச் சொல்லுக்கு விடை கூறியாக வேண்டும். பல வருடப் போராட்டத்தின் பின் 2021இலேதான் 1,000 ரூபா நாட்சம்பளத்தைக் கண்ட மக்கள் நடுவில், ஒரு பூனைக்காக ஒரு நாளையும் பணத்தையும் செலவிடுவது நியாயமா? முற்போக்கு எண்ணம் கொண்ட நண்பர்கள் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். கேட்கவும் வேண்டும். பிராணிகளிடம் அன்பு காட்டிக்கொண்டே மனிதரை வதைத்தவர்களை இம்மலைகள் அறியும். துரை பங்களாவின் நாய்க்கு இறைச்சியும், லயத்துப் பிள்ளைக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கிடைத்த கதையை நமது பாட்டிமார் கோபத்தோடு சொல்லியிருக்கின்றார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் இன்னொரு காட்சியும் உண்டு. 1917 டிசம்பரில், பிரெஸ்லாவ் சிறையிலிருந்து ரோசா லக்சம்பர்க் தமது தோழி சோபி லீப்க்னெக்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ருமேனியாவிலிருந்து போர்க் கொள்ளையாகக் கொண்டுவரப்பட்ட எருமைகள் சிறை முற்றத்திற்குப் பாரவண்டி இழுத்து வந்தன. சவுக்கின் தடித்த முனையால் ஒரு சிப்பாய் அவற்றைத் தோல் கிழிய அடித்தான். இரக்கமில்லையா என்று சிறைக் காவற்பெண் கேட்டபோது, மனிதராகிய எங்களுக்கு மட்டும் யார் இரங்குகின்றார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டானாம். இரத்தம் வழிய நின்ற எருமையின் முன் தாம் கண்ணீர் விட்டதை ரோசா மறைக்கவில்லை. அந்தச் சிப்பாயின் சொல்லை நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்திருக்கின்றோம். தனக்கு இரக்கம் மறுக்கப்பட்டது என்பதையே அவன் தன் சவுக்குக்கு அனுமதிச் சீட்டாக்கிக்கொண்டான். ரோசா வளர்த்த பூனையின் பெயர் மிமி. அந்தப் பூனையிடம் வைத்த அன்பு, தொழிலாளருக்காகச் சிறை செல்வதிலிருந்தோ, 1919இல் கொலையுண்டு மாய்வதிலிருந்தோ அவரைத் தடுத்துவிடவில்லை. இரக்கம் பானையில் அளந்து வைத்த அரிசியன்று, ஒருவருக்கு எடுத்தால் மற்றவருக்குக் குறைவதற்கு.

எனினும் துரையின் நாயை அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியாது. அவர் அதை நேசித்தது பொய்யன்று. ஆனால் அவர் நேசித்தது எதை? சீழ்க்கை அடித்ததும் ஓடி வந்ததை. நாம் பூனையிடம் வைத்திருந்த அன்பிலும் இதன் சாயல் இருந்தது என்பதுதான் நம்மை உறுத்துகின்றது. அது வந்தது, ஆகவே நேசித்தோம். வராதபோது செருப்பை வீசினோம்.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு அழைப்பு என்றால் என்னவென்று சொல்லித் தரவேண்டியதில்லை. அக்காலத்தில் விடியுமுன் தப்பு முழங்கும். பின்னாளில் சங்கு ஊதிற்று. மக்கள் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். கேட்கவில்லை என்பது ஒரு விடையாகாது. பிந்தி வந்தவன் திருப்பி அனுப்பப்பட்டான். கொழுந்து குறைந்தவளுக்கு அரைப்பேர். மேலிருப்பவன் கூப்பிடுவான், கீழிருப்பவன் கேட்பான். கேட்கவைக்கும் பொறுப்பு ஒருபோதும் கூப்பிடுகின்றவனுடையதன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இம்மலைகளில் நிலைத்த ஒழுங்கு இது. அதனடியில் நசுங்கி வளர்ந்த நாமே, நம்மைவிடச் சிறிய ஓர் உயிர் கைக்குக் கிடைத்தவுடன், நமது காம்பராவுக்குள் அதே ஒழுங்கை நிறுவியிருந்தோம்.

அந்தப் பெரியவரின் செவியைக் கெடுத்ததும் இந்த ஒழுங்குதான். ரோலர்களும் உலர்த்திகளும் பெருவிசிறிகளும் ஓயாது இரையும் கட்டடத்தில் அவர் முப்பது வருடம் நின்றார். எட்டு மணி நேரத்திற்கு 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சல் செவிக்குத் தீங்கு என்று தொழிற் சுகாதார நூல்கள் கூறுகின்றன. இரைச்சல் முதலில் பறிப்பது உயர்ந்த சுருதிகளை. அதனால் மெய்யெழுத்துக்கள் மங்கிவிடும். குரல் கேட்கும், சொல் பிரியாது. “சத்தம் வருது மாஸ்டர், பேச்சு வரலை” என்று அவர் சொல்வதன் பொருள் இதுவே. வீட்டில் அவரோடு பேசுவோர் உரத்துக் கத்துகின்றார்கள். உரத்துக் கத்தினால் சத்தந்தான் பெருகும். அவர் நமது பூனையிடம் கத்தவில்லை. அது படுத்திருந்த பலகையின் மறுமுனையில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். பூனை தலையைத் தூக்கிற்று. எதிரே வந்து நின்று, அது பார்த்தபின் கையை நீட்டினார்.

மனுநீதிச் சோழனின் கதையில் எல்லோரும் தேர்க்காலையே பேசுகின்றார்கள். அந்தத் தண்டனையைப் பற்றி நமக்குப் பல ஐயங்கள் உண்டு. ஆனால் வாயில்லாப் பசுவுக்கும் எட்டும்படி ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டவன் யாரோ, அவன் ஒன்றை அறிந்திருந்தான்: தன்னிடம் வந்து சேரும் வழியை அமைப்பது வலியவனின் கடமை.

இவ்வளவும் எழுதிய பின்னரும் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கின்றது. அதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினோம்.

சில வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் நமது கடைசி வாங்கில் இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் எழுந்து நிற்பான். சில நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். எப்பொழுதும் கேளாதவனாக இருந்திருந்தால் நமக்கும் விளங்கியிருக்கும். சில நாள் கேட்டதே அவனுக்கு வினையாயிற்று. வேண்டுமென்றே செய்கின்றான் என்று முடிவு செய்தோம். வகுப்பின் முன் நிறுத்தினோம். ‘செவிட்டுப் பயல்’ என்று ஏசினோம். உண்மையைச் சொல்கின்றோம் என்று அறியாமலே உண்மையைச் சொன்னோம். நடுச்செவியில் நாட்பட்ட சீழ் உள்ள பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும்போது கேள்வி குறையும், தணிந்தால் சற்றுத் திரும்பும். விறகுப் புகையும் ஈரமும் நெருக்கமும் நிறைந்த காம்பராக்களில் வளரும் குழந்தைகளுக்கு இது எளிதில் வருவது. அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்த நாட்களையும் நாம் கண்டிருக்கின்றோம். குளிருக்கென்று நினைத்தோம். பத்தாம் வகுப்போடு அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான்.

பூனையின் செவிமடல் திரும்பவில்லை என்று பெரியவர் சொன்ன இரவிலேதான் அந்தப் பஞ்சு நினைவுக்கு வந்தது. ஒரு மனிதக் குழந்தையை விளங்கிக்கொள்ள நமக்கு ஒரு பூனை தேவைப்பட்டதா என்று கேட்டால், ஆம், தேவைப்பட்டது. அந்த விடையில் பெருமை ஒன்றுமில்லை.

பூனை இப்பொழுது நலமே. இரவில் அதை வெளியே விடுவதில்லை. தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகின்றது, நாய்களும் உண்டு. இருட்டில் டோர்ச் வெளிச்சத்தை இருமுறை சுவரில் காட்டினால் வருகின்றது. தன் குரல் தனக்கே கேளாததால் நள்ளிரவில் பெரிதாகக் கத்துகின்றது. கூரைவரை எட்டாத லயத்துச் சுவருக்கு அப்பால் அயலார் முனகுகின்றார்கள்.

இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு அந்த மாணவன் ஊருக்கு வந்திருந்தான். டயகம பஜாரில், கரும்புக் கட்டொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தோம், கூப்பிடவில்லை. சற்று விரைந்து நடந்து, அவனைக் கடந்து, எதிரே போய் நின்றோம்.

“சேர்” என்றான். கரும்பைக் கீழே இறக்கி வைத்தான். காதைப் பற்றிக் கேட்டோம். இடது காது முற்றாகப் போய்விட்டதாம். வலது காது பரவாயில்லையாம். நாம் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். பாதி அவனுக்குக் கேட்டிருக்கும். பஜாரில் பாட்டு வைத்திருந்தார்கள். தலையைச் சாய்த்து, வலப் பக்கத்தை நம் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, “என்ன சேர் சொன்னீங்க?” என்றான். மறுபடியும் சொன்னோம்.