லோகசாரங்கரின் தோள்

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. மார்கழி 22. திருப்பாவையில் அன்றைக்கு உரிய பாசுரத்தில், பரந்த பூமியை ஆண்ட அரசர்களெல்லாம் தங்கள் கர்வம் அழிந்து கண்ணனின் கட்டிலடியில் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். அவர்களைப் போலவே நாங்களும் வந்து நிற்கிறோம் என்று ஆயர் சிறுமிகள் சொல்கிறார்கள். சென்னையில் மகன் வீட்டில் இருந்தபடி காலையில் அதைச் சேவித்தேன். மாலையில் மகன், "அப்பா, ஒரு கச்சேரி இருக்கு, வாங்க" என்று கீழ்ப்பாக்கத்தில் உள்ள பெயின் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப்போனான். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி அது.

பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து பிறந்த பெயர். மேடையில் பத்தொன்பது பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிடார், டிரம்ஸ், பறை, சட்டி. அத்தனை பேரில் ஒரே பெண் இசைவாணி. வடசென்னையின் சாவு வீடுகளில் இரவெல்லாம் பாடப்பட்ட கானா, ராக் இசையோடு தோளோடு தோள் நின்றது. இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள், அம்பேத்கரைப் பாடினார்கள். பெருமாளைப் பாடுவார்கள் என்று நான் எதிர்பார்த்துப் போகவும் இல்லை.

நான் ராஜபாளையத்துக்காரன். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளோடு வாழ்ந்தவன். சத்தம் எனக்குப் புதிதல்ல. தறிச்சத்தமும் காதை அடைக்கும். ஆனால் அது மனிதனை அவனுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடும், பக்கத்துத் தறிக்காரன் பேசுவது கேட்காது. பறை நெஞ்சுக்கூட்டில் இறங்கியபோது நடந்தது நேர்மாறு. முன்பின் தெரியாத ஒரு பையன் என் தோளில் கை போட்டான். நானும் கையைத் தூக்கினேன். எங்கள் பக்கம் பேரைக் கேட்டு முடித்ததும் "எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் தெரிந்துவிடும். அந்த மைதானத்தில் யாரும் யாரையும் அதைக் கேட்கவில்லை. காலையில் வாயால் சொன்ன கர்வம் அழிதல், இரவில் உடம்புக்கே நடந்தது போல இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் மார்கழி பஜனையை நடத்தும் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் சட்டென்று கேட்டார்: "பாட்டுக் கேட்டு மெய்மறக்கிறது எல்லாம் பக்தி ஆயிருமா தம்பி? கள்ளு குடிச்சாலும் மெய்மறக்குமே!"

தள்ளிவிட முடியாத கேள்வி இது. இத்தனை வருடமாக நான் பேசிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியோடுதான்.

மெய்மறந்து ஆடுவது அற்பம் என்று ஆழ்வார்கள் நினைக்கவில்லை. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில், பாடி ஆடி அழுது திரிகிற அடியார்கள் பித்தர்கள் அல்லர், அப்படி ஆடாத மற்றவர்களே பித்தர்கள் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார். ஒரு ராஜா சொன்ன தீர்ப்பு. நம்மாழ்வார் வைகுந்தத்தைக் கேட்கிறபோதுகூடத் தனக்கென்று ஒரு மூலையைக் கேட்பதில்லை. அடியார் கூட்டத்தோடு என்று போய்ச் சேர்வேன் என்று ஏங்குகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளும் தனியாக நோன்பு நோற்கவில்லை. வீடு வீடாகப் போய்த் தூங்குகிறவர்களை எழுப்பி, எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்த்த பிறகே போகிறாள்.

அந்தக் கூட்டத்தின் சக்தியைப் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1912இல் வந்த தன் நூலில் ஆராய்ந்தார். கூட்டமாகக் கூடி ஆடும்போது மனிதர்கள் தம்மைவிடப் பெரிய ஒன்று தம்மை ஆட்கொண்டதாக உணர்கிறார்கள். சமயத்தின் ஊற்று அங்கேதான் என்பது அவர் முடிவு. கூட்டத்தைத் தவிரத் தெய்வம் வேறில்லை என்ற இடத்துக்கு அவர் போவதை நான் ஏற்கவில்லை. ஆனால் கூட்டத்தில் பிறக்கும் அந்தச் சக்தியை அவர் சரியாகவே பார்த்தார்.

அந்தச் சக்திக்குக் கண் கிடையாது. தொண்ணூறுகளில் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டபோது கிளம்பிய கூட்டங்களும் தம்மை மறந்துதான் கிளம்பின. தீ வைத்த கையும் அந்த நேரத்தில் தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குத் தன்னைக் கொடுத்த கைதான். ஆகவே அண்ணாச்சி சொன்னதில் பாதி உண்மை. மெய்மறந்தோம் என்பது மட்டும் எதற்கும் சாட்சி ஆகாது.

தெய்வத்தின் பெயர் வந்தால் சாட்சி ஆகிவிடுமா? அதுவும் போதாது. 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மாண்டெரே விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையிலேயே தன் கிடாருக்குத் தீ வைத்தார். அதே விழாவில் சிதார் வாசித்த ரவிசங்கருக்கு அது தாங்க முடியாத செயல். வாத்தியம் தெய்வம் என்பது அவர் கற்ற மரபு. எனக்கும் அந்த மரபு உண்டு. சரஸ்வதி பூஜையன்று தறிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவன் நான். ஆனால் எந்த வாத்தியத்துக்குச் சந்தனம் வைத்தோம்? மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். அதைச் செய்கிறவர்களில் பலர் தலித் கிறித்தவக் குடும்பத்தார் என்பதை டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலில் எழுதினார். சபா மேடையில் மிருதங்கம் வணங்கப்படுகிறது. அதற்குத் தோல் பதப்படுத்திய கைக்கு மேடையில் இடமில்லை. பறையையோ சாவுக்கு மட்டும் கூப்பிட்டோம், தீட்டு என்று வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். வாத்தியத்தைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டே சில வாத்தியங்களை வெளியே நிறுத்துகிற பக்தி, கிடாரை எரித்ததைப் பழிக்கத் தகுதியற்றது.

அண்ணாச்சிக்கான பதில் நம் குருபரம்பரைக் கதையிலேயே இருக்கிறது. திருப்பாணாழ்வார் உறையூர்ப் பாணர். திருவரங்கத் தீவில் கால் வைக்க அவருக்கு அனுமதியில்லை. காவிரியின் தென்கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தார். பெருமாள் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டில் கரைந்திருந்தவருக்குக் கேட்கவில்லை. முனிவர் கல்லை எறிந்தார். பாணரின் நெற்றியில் ரத்தம். உள்ளே பெருமாள் நெற்றியிலும் ரத்தம். அவரைத் தோளில் சுமந்து வா என்று சாரங்கருக்குப் பெருமாள் கட்டளையிட்டார். சுமந்தார். அப்படிக் கோயிலுக்குள் வந்து பாடியதுதான் பத்துப் பாசுரங்களான அமலனாதிபிரான்.

இந்தக் கதையில் நாம் பாணரின் மெய்மறதியைக் கொண்டாடுகிறோம். அது அவருக்கு முன்பே வாய்த்திருந்தது, கரையிலேயே வாய்த்திருந்தது. கதை முழுமை அடைவது சாரங்கர் குனிந்தபோது. கையில் தீர்த்தக் குடம், மனதில் கைங்கரியம் எல்லாம் இருந்தும் கல் எறிந்தபோது அவர் பக்தர் ஆகியிருக்கவில்லை என்றே நான் படிக்கிறேன். எறிந்த கை தோளைக் கொடுத்த அன்றுதான் ஆனார்.

அப்படியென்றால் கீழ்ப்பாக்கத்தில் எனக்குக் கிடைத்தது பக்தியா? அன்றிரவு கிடைத்தது தொடக்கம் மட்டும். மேடையில் பாடியவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். அவர்கள் பாட்டை என் சமயத்துக்குள் இழுத்துப்போட எனக்கு உரிமையில்லை. அவர்கள் கேட்டது என் நாமாவளியை அல்ல, சமத்துவத்தை. இசை ஒரு இரவுக்குத் தெருவை அழிக்கும். மறுநாள் காலையில் அந்தத் தெரு திரும்ப வந்து நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. பெருமாளைப் பாடிய பாட்டுக்கும் இதே பரீட்சைதான்.

எங்கள் மார்கழி பஜனை நான்கு தெருவைச் சுற்றி வாய்க்கால் பாலத்தோடு திரும்பிவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கமும் வீடுகள் இருக்கின்றன, மார்கழிக் கோலம் இருக்கிறது, பறை அடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வாருங்கள் என்று இங்கே நின்றபடி அவர்களைக் கூப்பிடுவது, எறிந்த கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கரையிலேயே நின்றுகொள்வது போன்றது. நடக்க வேண்டியது நாம். கதவைத் திறப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். மறுத்தால் மறுவருடமும் போக வேண்டும். அண்ணாச்சிக்கு என் பதில் இதுதான்: கள்ளின் மறதிக்கும் பக்தியின் மறதிக்கும் வித்தியாசம் உண்டு, அண்ணாச்சி. கள்ளு தெளிந்தால் ஆள் பழைய ஆளாகவே எழுந்திருப்பான். பக்தி தெளிந்தால் அவன் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.