ஆலை இடம் மாறலாம், தொழிலாளியின் ஹக் மாறாது

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பார்ந்த சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

1982 ஜனவரி 18. பம்பாய் பஞ்சாலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கிய நாள். டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள் கூலி உயர்வும் போனஸும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஓராண்டு கடந்தும் போராட்டம் முடியவில்லை. ஆனால் சந்தையில் துணிக்குப் பஞ்சம் வரவில்லை. ஏன்? ஆலையில் நின்ற நெசவு, பக்கத்திலுள்ள பிவண்டியின் விசைத்தறிகளில் நடந்தது. அங்கே நெய்த துணியில் ஆலையின் முத்திரை விழுந்தது. பல ஆலைகள் திரும்பத் திறக்கவே இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பை இழந்து சொந்தக் கிராமங்களுக்குத் திரும்பின. பின்னாளில் ஆலை நிலங்களில் வணிக வளாகங்கள் எழுந்தன.

சகோதரர்களே! தொழிலை வேறு ஊருக்குக் கொண்டுபோவது ஹராமா? இல்லை. அல்லாஹ்வின் பூமி விசாலமானது. அதில் பரவிச் சென்று ரிஸ்கைத் தேட அவனே அனுமதித்திருக்கிறான். நஷ்டம் வந்தால் ஒருவர் தொழிலை மாற்றலாம், மூடவும் செய்யலாம். கேள்வி வேறு. எந்த நிய்யத்தில் போகிறீர்கள்? யாருடைய பாக்கியை வைத்துவிட்டுப் போகிறீர்கள்?

புகாரியில் வரும் குகைவாசிகள் மூவரின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். பாறை வாசலை அடைத்துக்கொண்டபோது, மூவரில் ஒருவர் தம் கூலியாளைப் பற்றிச் சொல்லி துஆச் செய்தார். அந்தக் கூலியாள் கொடுத்த கூலியை ஏற்காமல், அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். இன்றைய பேச்சில் சொன்னால், அது ஒரு கூலித் தகராறு. அந்த முதலாளி என்ன செய்தார்? ‘தொலைந்தான்’ என்று இருந்துவிடவில்லை. அந்தத் தானியத்தை விதைத்துப் பெருக்கினார். காலம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, அதிலிருந்து பெருகிய மாடுகளையும் மேய்ப்பவரையும் சேர்த்து ஒப்படைத்தார். கேலி செய்கிறாரோ என்று கூலியாளே சந்தேகப்பட்டார். பாறை விலகியதற்கு அந்த அமலும் ஒரு காரணம்.

அங்கே விட்டுப் போனவர் தொழிலாளி. ஆனாலும் அவர் ஹக் பத்திரமாக இருந்தது. இங்கே விட்டுப் போகிறவர் முதலாளி. அவர் போன பிறகு தொழிலாளியின் ஹக் எங்கே இருக்கிறது?

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று ஸூரத்துல் மாயிதாவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். கோஷம் போட்டவர் மீது உங்களுக்குக் கோபம் இருக்கலாம். அவருடைய பணிக்கொடையில் அந்தக் கோபத்தைக் காட்ட உங்களுக்கு உரிமையில்லை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்ததை நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். அந்த வழக்கில் வாய்தா வாங்க முடியாது.

புதிய ஊரில் வேலை பெற்றவரையும் பாருங்கள். பிவண்டித் தறிகளில் நின்றவர்களில் நம் சகோதரர்கள் ஏராளம். உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். 12 மணி நேர ஷிப்ட், குறைந்த கூலி, சங்கம் இல்லை. அந்த ஏழை மீது குற்றமில்லை. ஆனால் அவர் வாய் திறக்கமாட்டார் என்பதற்காகவே வேலை அவரிடம் வந்தது என்றால், அது அவருக்குச் செய்த உபகாரமா? அளவையில் குறைத்த ஷுஐப் (அலை) அவர்களின் சமுதாயத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை நினையுங்கள். கூலியிலும் ஓர் அளவை உண்டு.

தொழிலாளர்களே! ஒப்பந்தம் உங்களுக்கும் அமானிதம்தான். உரிமையைக் கேளுங்கள், பொருளைச் சேதப்படுத்தாதீர்கள். தொழில் தாங்குவதையும் எண்ணிப் பேசுங்கள்.

உங்கள் கடையில் 2 பேர்தான் வேலை செய்கிறார்களா? ‘சம்பளம் கூட்டிக் கேட்டால் வேறு ஆள் பார்ப்பேன்’ என்று சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் பம்பாய் தூரத்தில் இல்லை. இன்று அஸருக்கு முன் கணக்கைப் பாருங்கள். விலகிப் போனவருக்குப் பாக்கி இருந்தால், தேடிப்போய்க் கொடுங்கள்.

யாருடைய ஹக்கும் நம் கழுத்தில் இல்லாத நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்கும் பாக்கியத்தை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.