காது கேளாக் குழந்தையும் தாயின் சொல்லும்



சென்ற பௌர்ணமி வந்தனைக்கு ஓர் அம்மையார் தம் மூன்று வயது மகனுடன் வந்திருந்தார். பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேளாது. பகவானின் திருவுருவின் முன் எரிந்த விளக்கை அவன் வைத்த கண் வாங்காது நோக்கி நின்றான். பின்னால் அமர்ந்திருந்த தாய், "விளக்கு கண்ணா, விளக்கு" எனப் பன்முறை கூறினார். அவன் திரும்பவில்லை. முகவாயைப் பற்றித் தம் பக்கம் திருப்பி மீண்டும் கூறினார். பிள்ளை அவர் உதட்டைக் கண்டான். விளக்கோ அவன் கண்ணை விட்டு மறைந்தது. எதற்கு எது பெயரென்று அவன் எவ்வாறு அறிவான்? அழத் தொடங்கினான். தாயும் கண் கலங்கினார்.

குற்றம் அன்னையுடையதன்று. கேட்கும் குழந்தை ஒரு பொருளைக் கண்ணால் நோக்கிக்கொண்டே அதன் பெயரைக் காதால் வாங்கிக்கொள்ளும். காது கேளாக் குழந்தைக்கோ பொருளும் சொல்லும் கண் என்னும் ஒரே வாயிலால் புக வேண்டும். தாமும் காது கேளாதவராயுள்ள தாய்மார் இதனை இயல்பாகவே செய்கின்றனர் என்று ஆய்ந்தோர் கண்டுள்ளனர். அவர்கள் பிள்ளையின் தோளை மெல்லத் தொடுவர். அவன் நிமிர்ந்து நோக்கும்வரை காத்திருப்பர். அல்லது அவன் நோக்கும் பொருளின் அருகிலேயே கையை நீட்டிச் சைகை காட்டுவர். ஆயினும் இத்தகைய குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோர்க்கே பிறக்கின்றனர்.

நாம் பெங்களூரில் ஓர் ஆலையில் தறி ஓட்டியவர். தறிகளின் இரைச்சலில் அருகே நிற்பவன் குரலும் கேளாது. இழை அறுந்தது, மேஸ்திரி வருகிறார், தேநீருக்குப் போகலாம் — யாவும் கையாலும் உதட்டாலுமே. முதலில் தோளைத் தட்டுவோம். முகம் திரும்பிய பின்னரே கை பேசும். இவ்வாறு வாழ்ந்த நாமே, ஈராண்டுக்கு முன் இதே அம்மையார் வினவியபோது, "கையைக் காட்டாதீர்கள் அம்மா, பிள்ளைக்குப் பேச்சு வராது, ஓயாது பேசிக்கொண்டே இருங்கள்" என்றோம். யாரோ சொல்லக் கேட்டதை ஆராயாது சொன்னோம். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சாலேயே கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. அக்கருத்து உலகெங்கும் பரவி நெடுங்காலம் நின்றது. 2010இல் வான்கூவரில் கூடிய அம்மாநாட்டின் வழித்தோன்றலே அத்தீர்மானத்தைத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. நாம் தெரிவிக்க இத்தனை நாள் ஆயிற்று.

வேறு சிலர் அவரிடம் "உன் முன்வினை" என்றனராம். இது நம்மவர் வாயில் வரத்தகாத சொல். மோளியசீவகர் வினவியபோது பகவான் பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவ மாறுபாடு எனப் பல காரணங்களைக் கூறி, அனுபவிப்பதெல்லாம் முன்வினையே என்போரை மறுத்தருளினார்.

வந்தனை முடிந்தபின் அம்மையாரிடம் மன்னிப்பு வேண்டினோம். பிள்ளையின் அருகே அமர்ந்து, தோளைத் தொட்டுக் காத்திருந்தோம். அவன் நோக்கியதும், விளக்கின் பக்கத்தில் விரல்களைச் சுடர்போல் அசைத்துக் காட்டினோம். அவன் கையைப் பார்த்தான், சுடரைப் பார்த்தான், மீண்டும் கையைப் பார்த்தான். பின் தன் சிறு விரல்களை அசைத்தான், எம்மை நோக்கியன்று, தாயை நோக்கி.

ஆலையில் கற்ற கைச்சாடை முறையான சைகைமொழி ஆகாது. நம் தெருவில் காது கேளாத தையற்காரரும் அவர் மனைவியும் உளர். வரும் ஞாயிறு முதல் மாலை 4 மணிக்கு விகாரைத் திண்ணையில் கற்பிக்க இசைந்துள்ளனர். அம்மையாருடன் நாமும் அமர்வோம்.